சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

பங்குனி உத்திரம் முடிந்த மறுநாள் காலையில், பாளையங்கோட்டையில் உள்ள என் பட்டறைக்கு இருபது ஆண்டுகள் ஓடிய டீசல் கார் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். திசையன்விளைப் பக்கத்தில் உள்ள சாஸ்தா கோயிலில் குடும்பத்தோடு பொங்கலிட்டுத் திரும்பும் வழியில், நாங்குநேரியைத் தாண்டியதும் ஆயில் விளக்கு எரிந்திருக்கிறது. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று உரிமையாளர் தொடர்ந்து ஓட்டியிருக்கிறார். மூன்றடைப்பு வருவதற்குள் இன்ஜினுக்குள் சம்மட்டியால் அடிப்பது போன்ற சத்தம் எழுந்து, வண்டி தானாகவே நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தபோது, பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க்கின் பேரிங்குகள் பிய்ந்து போயிருந்தன. கிராங்க்கின் மேலேயே ஆழமாகக் கோடு விழுந்திருந்தது. இத்தனைக்கும் காரணம், ஒரு சாண் நீளமுள்ள ரப்பர் குழாயில் ஏற்பட்ட வெடிப்பும், அதன் வழியே கசிந்துபோன எண்ணெயும்.

அந்த உரிமையாளரை அக்கறையற்றவர் என்று சொல்ல மாட்டேன். எண்ணெய் ஒழுகுகிறது என்று இரண்டு ஆண்டுகளில் மூன்று இடங்களில் அவர் வண்டியைக் காட்டியிருக்கிறார். இரண்டு முறை, இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சேம்பரைக் கழற்றி, கசியாமல் இருக்க இடையில் வைக்கும் பேக்கிங்கை மாற்றியிருக்கிறார்கள். ஒரு முறை கியர் பாக்ஸையே இறக்கி, கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீலை மாற்றியிருக்கிறார்கள். அதன் பிறகும் ஒழுகியபோது, "பழைய வண்டின்னா ஒழுகத்தானே செய்யும் அண்ணாச்சி, அப்பப்ப ஊத்திக்கிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்த ஆண்டில் இதே கதையோடு என் பட்டறைக்கு வந்த நான்காவது வண்டி இது. நான்கிலும் கசிவு மேலே இருந்தது. நான்கிலும் வேலை பார்த்தது கீழே.

எண்ணெய் சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் கசிவு இருக்கும் என்ற எண்ணத்தை வண்டி வைத்திருப்பவர்களும், தொழில் தெரிந்தவர்கள் சிலரும்கூட விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊரில் ஓட்டு வீட்டில் இருந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஐப்பசி அடைமழையில் கூடத்தின் நடுவே சொட்டும் நீர், அதற்கு நேர் மேலே உள்ள ஓட்டிலிருந்து வருவதில்லை. முகட்டுக்குப் பக்கத்தில் எங்கோ உடைந்த ஓட்டின் வழியே இறங்கி, கைமரத்தின் அடிப்பக்கமாகவே ஓடிவந்து, ஏதோ ஒரு முடிச்சில் தட்டிச் சொட்டுகிறது. இன்ஜினிலும் அப்படியே. உச்சியில் வால்வுப் பகுதியை மூடும் டேப்பட் கவர், அடியில் ஆயில் சேம்பர். நடுவில் எந்த இடத்தில் கசிந்தாலும் எண்ணெய் பிளாக்கின் பக்கவாட்டில் வழிந்து, சேம்பரின் விளிம்பை வந்தடைகிறது. வண்டி ஓடும்போது எதிர்காற்று அதைப் பின்னோக்கித் தள்ளுகிறது. நிறுத்தியிருக்கும்போது வீட்டு முற்றத்தின் சாய்வு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அது நகர்கிறது. இன்ஜின் நெடுக்காக அமைந்த வண்டிகளில், கடைசியாக அது சேர்ந்து சொட்டும் இடம் இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடிப்பகுதி. அங்கே ஈரத்தைப் பார்த்தவுடன் பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லி, ஒரு நாள் முழுவதும் பிடிக்கும் வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான் நடக்கிறது. பின்பக்க சீல் கசிவது உண்டு, மறுக்கவில்லை. ஆனால், மேலே உள்ள எல்லாம் காய்ந்திருக்க, பெல் ஹவுசிங்கின் உட்பக்கத்திலிருந்து மட்டும் எண்ணெய் வந்தால்தான் அந்தச் சீலைக் குற்றம் சொல்ல வேண்டும். அதுவரை கியர் பாக்ஸின் மீது யாரும் ஸ்பேனர் வைக்க வேண்டாம்.

கசிவைத் தேடும் முன்பு, கசிவது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இரவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையையோ பழைய செய்தித்தாளையோ விரித்து வையுங்கள். டீசல் வண்டியின் இன்ஜின் ஆயில் கரியைப் போலக் கறுத்திருக்கும். கியர் ஆயில் கந்தக நாற்றம் அடிக்கும். பவர் ஸ்டீயரிங் ஆயில் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். டீசல் தாளில் உடனே பரவி, மணத்தாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும். அடுத்தது கழுவுதல். அழுக்கும் எண்ணெயும் அப்பிய இன்ஜினில் கசிவைக் கண்டுபிடிக்க எந்த வல்லவராலும் முடியாது. கழுவச் சொன்னால் வண்டியைத் தாமிரபரணியில் கொண்டுபோய் இறக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த எண்ணெய் குடிநீர் எடுக்கும் ஆற்றில்தான் கலக்கிறது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பட்டறையில் டீசலும் தூரிகையும் கொண்டு துடைத்தெடுத்து, காற்றடித்து உலர்த்தினால் போதும்.

உலர்ந்த பிறகு, சந்தேகப்படும் இணைப்புகள் எல்லாவற்றின் மீதும் முகத்துக்குப் பூசும் பவுடரை மெல்லியதாகத் தூவிவிட்டு, வண்டியைப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி வந்து, மேலிருந்து கீழாகப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் முதலில் கறுத்திருக்கும் மிக உயரமான இடம் எதுவோ, அதுதான் கசிவு. எண்ணெயில் கலக்கும் ஒளிரும் சாயமும் புற ஊதா விளக்கும் இப்போது கிடைக்கின்றன, நானும் பயன்படுத்துகிறேன். ஆனாலும் பவுடர் என்னை ஏமாற்றியதே இல்லை. டேப்பட் கவர் பேக்கிங், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஆயில் ஃபில்டர் உட்காரும் இடம், ஆயில் கூலரின் ரப்பர் வளையம், டர்போ இருந்தால் அதிலிருந்து எண்ணெய் திரும்பும் குழாய், கிராங்க்கின் முன்பக்க சீல் என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும். முன்பக்கக் கசிவு, வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்திசைத்து ஓட்டும் டைமிங் பெல்ட்டை நனைக்கும் வண்டிகளில் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது; எண்ணெய் பட்ட ரப்பர் உப்பி இளகிப் பெல்ட் அறுந்தால், வால்வுகள் பிஸ்டனில் மோதும்.

பலரும் தவறவிடுவது வேக்வம் பம்பை. டீசல் இன்ஜினில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் பெட்ரோல் இன்ஜினைப் போலத் தானாகக் கிடைக்காது என்பதால், அதற்கென்று தனிப் பம்ப் வைத்திருக்கிறார்கள். குவாலிஸ், இண்டிகா போன்ற பழைய டீசல் வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்திலேயே பொருந்தியிருக்கிறது. அதற்கு இன்ஜினிலிருந்து எண்ணெய் வரும் குழாய் ஒன்று, திரும்பும் குழாய் ஒன்று. ஆண்டுக்கணக்கில் வெப்பத்தில் வெந்து இறுகிப்போன அந்த ரப்பர், வண்டி ஓடும்போது மட்டும், அழுத்தம் ஏறும்போது மட்டும் கசியும். நிறுத்திப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கோயிலுக்குப் போய்வந்த வண்டியில் கிழிந்திருந்தது இந்தக் குழாய்தான். சேம்பரைக் கழற்றியவர்களும் கியர் பாக்ஸை இறக்கியவர்களும் அதற்கு ஒரு முழத் தொலைவில்தான் வேலை செய்திருக்கிறார்கள்.

ஒரே நேரத்தில் நாலைந்து இடங்களில் கசிந்தால், அந்த நாலைந்து இடங்களையும் குறை சொல்லாமல் பேக் கம்ப்ரஷனை, அதாவது இன்ஜினின் அடிப்பகுதிக்குள் கூடும் வாயு அழுத்தத்தைப் பாருங்கள். இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து தலைகீழாக அதன் வாயிலேயே வையுங்கள். மூடி துள்ளிக் குதித்து, புகையும் குபுகுபுவென்று வந்தால், பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி வாயு கீழே இறங்குகிறது என்று பொருள். அந்த வாயுவை வெளியேற்றும் பிரீத்தர் குழாய் அடைபட்டிருந்தாலும் உள்ளே அழுத்தம் கூடும். அந்த அழுத்தம், நல்ல சீலையும் தாண்டி எண்ணெயைத் தள்ளும். நம் பகுதியில் இது மிகுதியாக வருவதற்குப் புழுதி முக்கியமான காரணம். ஆடிக் காற்றில் வள்ளியூர், ராதாபுரம் பக்கம் ஓடும் வண்டிகளும், தேரி மணலிலும் கல்குவாரிச் சாலைகளிலும் ஓடும் வண்டிகளும் ஏர் கிளீனரில் அள்ளிவரும் மண்ணை நான் கையில் கொட்டிக் காட்டியிருக்கிறேன். கிழிந்த ஏர் கிளீனரைத் தாண்டி உள்ளே போகும் அந்த மண்தான் ரிங்கைத் தேய்க்கிறது. ஆயில் சீல் மாற்றப் பணம் தருபவர்கள், ஏர் கிளீனர் மாற்றச் சொன்னால் அடுத்த மாதம் என்கிறார்கள்.

சிலிக்கான் பேஸ்ட்டைப் பற்றி என் தொழில் தோழர்களிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது. பேக்கிங்கின் இருபுறமும் அதை அப்பி இறுக்கினால், வெளியே பிதுங்குவது போலவே உள்ளேயும் பிதுங்குகிறது. அந்தத் துணுக்குகள் அறுந்து, ஆயில் பம்ப் உறிஞ்சும் சல்லடையை அடைத்து, கசிவை நிறுத்தப் போய் இன்ஜினையே நிறுத்திவிடுகின்றன. கடையில் விற்கும் கசிவு நிறுத்தும் திரவம் இறுகிய ரப்பரைக் கொஞ்ச காலம் மென்மையாக்கலாம். வெடித்த குழாயையோ கிழிந்த பேக்கிங்கையோ அது ஒட்டாது. கசிகிறதே என்று அளவுக்கு மேல் ஊற்றி வைப்பதும் தவறு. கிராங்க் அந்த எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரை பேரிங்கைக் காக்காது.

ஆயில் மாற்றும்போது வடிகால் போல்ட்டின் வாஷரையும் மாற்றச் சொல்லுங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வளையம் சேர்ந்துவிட்டால் சில நிமிடங்களில் மொத்த எண்ணெயும் சாலையில் கொட்டிவிடும். ஜாக்கி மட்டும் வைத்துத் தூக்கிய வண்டிக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள். தாங்குகால் இல்லாமல் அடியில் போவதை என் பட்டறையில் நான் அனுமதிப்பதே இல்லை.

ஆயில் விளக்கு, எண்ணெயின் அளவைக் காட்டும் விளக்கு அன்று. அழுத்தம் இல்லை என்று சொல்லும் விளக்கு. அது எரியாததால் எண்ணெய் போதுமான அளவு இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். கசிவுள்ள வண்டியென்றால் வாரம் ஒரு முறையும், நெடும்பயணத்துக்கு முந்தைய நாளும், சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே உள்ளது ஏறத்தாழ ஒரு லிட்டர்தான். ஓடும்போது விளக்கு எரிந்துவிட்டால், பின்னால் பார்த்து, சாலையோரம் ஒதுக்கி, அந்த இடத்திலேயே இன்ஜினை அணையுங்கள். எண்ணெய் அளவைப் பார்த்து ஊற்றிய பிறகும் விளக்கு அணையவில்லை என்றால் மறுபடியும் ஓட்டிப் பார்க்காதீர்கள். அந்த இடம் மூன்றடைப்பாக இருந்தாலும் முண்டந்துறைக் காடாக இருந்தாலும், யாரையாவது அழைத்து, கயிறு கட்டியே இழுத்து வாருங்கள்.