டேட்டாபேஸுக்குள்ளேயே பைத்தான் ஓடுவது எப்படி?

பினாங்கின் பாயான் லெப்பாஸ் வாசகர் ஒருவரின் கேள்வி இது. தண்ணீர்மலைத் தைப்பூச அன்னதானத்துக்குக் கொடுத்தவர்களின் பட்டியல் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் இருக்கிறதாம். ரோமன் எழுத்தில் சுப்ரமணியம் மட்டுமே ஐந்தாறு விதம். (எண்சோதிடர் சொன்னாரென்று நடுவில் ஓர் ‘ஏ’ சேர்த்துக்கொண்டவர்கள் வேறு. அதிர்ஷ்டம் வந்ததோ இல்லையோ, டூப்ளிகேட் வந்துவிட்டது.) பெயர்களை ஒப்பிடும் பைத்தான் கோடை, டேட்டாவை வெளியே இறக்காமல் சர்வருக்குள்ளேயே ஓட்டலாமா?

ஓட்டலாம். போஸ்ட்கிரெஸுக்குள் பைத்தானை ஓட்டும் பிஎல்பைத்தான் பேக்கேஜை சர்வரில் நிறுவி, சூப்பர்யூசராக (டேட்டாபேஸில் முழு அதிகாரம் உள்ளவராக) நுழைந்து ‘கிரியேட் எக்ஸ்டென்ஷன் பிஎல்பைத்தான்3யூ’ கொடுங்கள். பிறகு ‘கிரியேட் ஃபங்ஷன்’ எழுதி, அதற்குள் பைத்தானோடு வரும் டிஃப்லிப் லைப்ரரியின் சீக்வென்ஸ்மேட்சரைக் கூப்பிட்டு இரண்டு பெயர்களின் ஒற்றுமையைக் கேட்டால் 0 முதல் 1 வரை ஓர் எண் வரும். 1 என்றால் இரண்டும் அச்சு அசல் ஒரே பெயர்.

உள்ளே நடப்பதுதான் அழகு. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தனி ப்ராசஸ் ஒன்றைக் கிளப்பும். அந்தக் கனெக்‌ஷனில் பைத்தான் ஃபங்ஷன் முதன்முதலாகக் கூப்பிடப்படும்போது, பைத்தான் கோடை ஓட்டும் முழு இன்டர்பிரெட்டரும் அதே ப்ராசஸின் மெமரிக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இடையில் நெட்வொர்க் கிடையாது. நீங்கள் எழுதிய கோட் ‘பிஜி_பிராக்’ என்ற டேபிளில் வெறும் டெக்ஸ்டாகத்தான் கிடக்கிறது. அதை எடுத்து, தலையில் ஒரு ‘டெஃப்’ வரி (பைத்தானில் ஃபங்ஷன் தொடங்கும் வரி) சேர்த்து, ஒருமுறை கம்பைல் செய்து (ஓடத் தயாரான வடிவுக்கு மாற்றி) அந்த செஷன் முடியும்வரை வைத்துக்கொள்ளும். பட்டியலின் 10,000 பெயர்களுக்கு ஓடினாலும் கம்பைல் ஒன்றுதான். ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் ‘பிஜி_பிராக்’ டேபிளில் அந்த ஃபங்ஷனுக்குரிய வரி மாறியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். மாறியிருந்தால் மறுபடி கம்பைல்.

ஆனால் அந்த ‘டெஃப்’ வரியின் அடைப்புக்குறிக்குள் ஒன்றும் இருக்காது. நீங்கள் அனுப்பும் மதிப்புகள் குளோபல் வேரியபிள்களாகத்தான் வைக்கப்படுகின்றன. அதனால், வந்த பெயரை லோயர்கேஸாக்கி அதே வேரியபிளில் திருப்பிப் போட்டால் பைத்தான் அதை லோக்கல் என்று எடுத்துக்கொண்டு ‘அன்பவுண்ட்லோக்கல்எரர்’ காட்டும். வேறு பெயருள்ள வேரியபிளில் போட்டால் தீர்ந்தது. டேட்டாபேஸில் காலியாக உள்ள ‘நல்’ (NULL) மதிப்பு, பைத்தானில் ‘நன்’ (None) ஆக வந்து சேரும், அதை லோயர்கேஸாக்கப் போனாலும் எரர்தான். ஃபங்ஷனை ‘ஸ்ட்ரிக்ட்’ என்று அறிவித்துவிட்டால் ‘நல்’ வரும்போது கோட் ஓடவே ஓடாது.

‘பிஎல்பைத்தான்3யூ’ என்ற பெயரின் கடைசியிலுள்ள ‘யூ’, ‘அன்டிரஸ்டட்’ (நம்பி விட முடியாதது) என்பதற்கு. கோட், போஸ்ட்கிரெஸ் சர்வர் எந்த ஓஎஸ் யூசராக ஓடுகிறதோ அதே யூசராக ஓடும். அந்த யூசர் திறக்கக்கூடிய ஃபைலையெல்லாம் இதுவும் திறக்கும். ஃபங்ஷனை உருவாக்க சூப்பர்யூசர் கேட்பது அதற்காகத்தான். 50 கனெக்‌ஷன் என்றால் 50 இன்டர்பிரெட்டர். போஸ்ட்கிரெஸின் ‘வொர்க்_மெம்’ என்ற மெமரி வரம்பு அவற்றைக் கட்டுப்படுத்தாது. பைத்தான் லூப் முடிவில்லாமல் சுற்றினால் ஓடும் வேலையை நிறுத்தச் சொல்லும் ‘பிஜி_கேன்சல்_பேக்எண்ட்’ சொல்வதும் காதில் விழாது. பொறுமையிழந்து, ப்ராசஸை உடனே கொல்லும் ‘கில் -9’ அடித்தீர்களானால், எல்லாக் கனெக்‌ஷனும் பகிரும் ஷேர்டு மெமரி கெட்டிருக்கலாம் என்று சர்வர் எல்லாக் கனெக்‌ஷனையும் துண்டித்து ரிகவரிக்குப் போய்விடும்.

கணக்கையும் பாருங்கள். 5,000 பெயர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் 1,24,97,500 ஜோடி. எல்லாவற்றையும் பைத்தானிடம் தள்ளுவது வீண்வேலை. சி மொழியில் எழுதப்பட்ட, பெயர்களை மும்மூன்று எழுத்தாகப் பிரித்து ஒப்பிடும் ‘பிஜி_ட்ரிக்ம்’ (pg_trgm) எக்ஸ்டென்ஷனை இன்டெக்ஸோடு போட்டு முதலில் சலியுங்கள். மலேசிய அடையாள அட்டையின் ஐசி எண் இருந்தால் இன்னும் சுலபம்: முதல் ஆறு இலக்கம், அதாவது பிறந்த தேதி, ஒன்றாக உள்ளவர்களை மட்டும் சீக்வென்ஸ்மேட்சரிடம் அனுப்பினால் போதும்.