அந்தப் பாட்டை அழிக்காதீர்கள்

சில நாட்களுக்கு முன் ஒரு தந்தை தம் மகனின் கைப்பேசியை, மனநல மருத்துவரான என் மேசைமீது வைத்து, அதிலிருந்த சோகப் பாடல்கள் அனைத்தையும் தாமே அழித்துவிட்டதாகச் சற்றுப் பெருமையோடு சொன்னார். மனச்சோர்வால் அவதிப்படும் பத்தொன்பது வயது மகன் பக்கத்து நாற்காலியில் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன் என்றாலும், படிக்கும் பலருக்கும் இது தம் வீட்டுக் கதையாகவே தோன்றக்கூடும். இதே காட்சியை எத்தனை முறை பார்த்தேன் என்று எண்ணுவதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன்.

“இந்தப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் இப்படி ஆகிவிட்டான்” என்கிறார்கள். காய்ச்சல் வந்தவர் போர்வையைத் தேடுகிறார் என்பதற்காக, போர்வையால்தான் காய்ச்சல் வந்தது என்று யாரும் சொல்வதில்லை. இசை விஷயத்தில் மட்டும் இந்தத் தலைகீழ்க் கணக்கைப் படித்தவர்களும் போடுகிறார்கள். மனச்சோர்வு உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சோக இசையை அதிகம் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியபோது, தங்கள் சோகத்தைத் தாங்களே வளர்த்துக்கொள்கிறார்கள் என்று அதற்குப் பொருள் சொல்லப்பட்டது. பின்னர் வேறொரு குழு அத்தகைய சோதனையை மீண்டும் நடத்தி, ஏன் அதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று அவர்களையே கேட்டது. அந்த இசை ஆரவாரமின்றித் தணிவாக இருப்பதுதான் காரணம் என்றார்கள். கேட்ட பிறகு அவர்களுடைய சோகம் குறைந்தும் இருந்தது. இரண்டுமே சிறிய ஆய்வுகள்தாம். ஆனாலும் நோயாளியையே கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியதே, அந்தப் பாடத்தை என் துறையினரும் மறக்கக் கூடாது.

இடையில் ஒன்று. செய்திகளில் ‘மன அழுத்தம்’ என்று எழுதப்படுவது பல நேரங்களில் உண்மையில் மனச்சோர்வு. அழுத்தம் வெளியிலிருந்து வருவது. சுமை இறங்கினால் பெரும்பாலும் தணிந்துவிடும். மனச்சோர்வோ சுமை எதுவும் கண்ணுக்குத் தெரியாதபோதும் ஆளை எழவிடாமல் செய்யும். அதனால்தான் “உனக்கு என்ன குறை?” என்ற கேள்விக்கு அவர்களால் பதில் சொல்ல முடிவதில்லை. அந்தப் பதிலை, அதே நோயைக் கடந்து வந்த ஒருவர் எந்தப் பூச்சும் இல்லாமல் பாடும்போது, தனக்கு மட்டுமே நேர்ந்த அவமானம் என்று எண்ணியிருந்தது பிறருக்கும் நேர்வதுதான் என்பது முதன்முறையாக அவர்களுக்கு உறைக்கிறது. பாட்டு அறிவுரை சொல்வதில்லை, பதிலும் எதிர்பார்ப்பதில்லை. தான் சொல்லத் தவித்ததைத் தனக்கு முன்பே அது சொல்லிவிட்டது என்றுதான் அந்த மகனும் என்னிடம் சொன்னான்.

குதூகலமான பாட்டைப் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்பவர்களுக்கு ஒரு சொல்: கேட்பவரின் மனநிலைக்கு ஒத்த இசையில் தொடங்கி, மெல்ல மெல்ல நகர்த்திச் செல்ல வேண்டும் என்பதை இசைச் சிகிச்சையாளர்கள் 1940களிலிருந்தே சொல்லி வருகிறார்கள். நேர்மையான பாட்டுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. 2017இல் அமெரிக்காவில் ஒரு ராப் பாடல், தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையே தலைப்பாகக் கொண்டு வெளிவந்தது. அது மிகுதியாகப் பேசப்பட்ட 34 நாட்களில் அந்த எண்ணுக்கு வந்த அழைப்புகள் சுமார் 7 விழுக்காடு கூடியதையும், அதே காலத்தில் தற்கொலைகள் எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்ததையும் பின்னர் ஓர் ஆய்வு பதிவு செய்தது.

ஆனால் பாட்டு துணைதான், மருத்துவம் அன்று. ஒரே பாட்டை இரவெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் கனத்த மனத்தோடு எழுகிறீர்கள் என்றால் அதை நிறுத்துங்கள். சாவை நிம்மதி என்று அலங்கரித்துக் காட்டும் பாட்டு நேர்மையான பாட்டு அன்று, அதை ஒதுக்குங்கள். இவற்றைவிட என்னைக் கவலைப்படுத்துவது வேறு: உயிராய் நேசித்த பாட்டு திடீரென்று எதையும் தொடாமல் போவது. எதிலும் நாட்டமின்மை இந்த நோயின் முதன்மையான அறிகுறிகளில் ஒன்று. நாட்டமின்மையோ சோகமோ, தூக்கக் குலைவு, பசியின்மை, தீராத களைப்பு போன்றவற்றோடு சேர்ந்து இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

பெற்றோரே, காதிலிருந்து ஹெட்போனைப் பிடுங்காதீர்கள். எந்த வரி பிடித்திருக்கிறது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு விளக்கம் சொல்லத் தொடங்காமல் சற்று வாயை மூடிக்கொள்ளுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல் அன்றே அழைத்து வாருங்கள்.

அந்தத் தந்தையிடம் பாடல்களை மீண்டும் ஏற்றித் தரச் சொன்னேன். நான் எழுதிய மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். அதுவரையிலாவது அவை அவனிடம் இருக்கட்டும்.