கட்டக்கோரையும் காலில் ஆறாத புண்ணும்

சித்திரை வெயிலில், ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் செருப்பில்லாமல் போகிறவர்களைப் பாருங்கள். பெரும்பாலோர் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடுவார்கள். யாராவது ஒருவர் நிதானமாக நடப்பார். பல வருடச் சர்க்கரைக்காரர் என்றால் அது பக்தி மட்டுமாக இருக்காது, பாதம் மரத்துப்போயிருக்கும். கொப்புளம் போட்டது ராத்திரி கால் கழுவும்போதுதான் தெரியும்.

சாதாரணப் புண்ணில் ரத்தம் உறைந்ததும் வெள்ளையணுக்கள் வந்து கிருமிகளையும் செத்த திசுவையும் அகற்றும். சில நாளில் அவை அடங்க, புதுத் திசு வளரும். சர்க்கரைப் புண்ணில் இந்தத் துப்புரவு வேலை முடிவதே இல்லை. வெள்ளையணுக்கள் விடும் நொதிகள் புதிதாக உருவாகும் கொலாஜனையும், அதாவது திசுவைத் தாங்கும் புரதத்தையும் சேர்த்தே வெட்டித் தள்ளுகின்றன. கிருமிகளோ கொழகொழப்பான படலம் கட்டி உள்ளே ஒளிந்துகொள்ளும். ஆன்டிபயாடிக் அங்கே எளிதில் எட்டாது. காலுக்கு ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

பாம்பன், மண்டபம் பக்கத்துப் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலில் முங்கிப் பறிக்கும் பாசிகளில் கட்டக்கோரையும் ஒன்று. இது போன்ற பழுப்புப் பாசிகளில் ஆல்ஜினேட் என்ற கூழ்ப்பொருள் இருக்கிறது. அதைக் கால்சியம் சேர்ந்த இழையாக்கி, பஞ்சு போன்ற கட்டாகப் புண்ணில் வைக்கிறார்கள். புண்நீரில் உள்ள சோடியம் உள்ளே போக, கால்சியம் வெளியே வரும். இழை நீரை உறிஞ்சிக் கூழாகிவிடும். புண் ஈரமாகவே இருக்கும், கட்டைப் பிரிக்கும்போது புதுத் திசு பிய்ந்து வராது. நீர் வடியாத காய்ந்த புண்ணுக்கு இது ஆகாது.

நம்மூர்ப் பாசி என்று பெருமைப்படலாம், சரி. ஆனால் மற்றக் கட்டுகளைவிட இது சர்க்கரைப் புண்ணை வேகமாக ஆற்றுகிறது என்று ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை. என்னைக் கேட்டால், புண்ணின் மேல் எதைப் போடுகிறோம் என்பதைவிட, அந்தக் காலை எப்படி ஊன்றுகிறோம் என்பதே பெரிய விஷயம்.

இதைக் கண்டுபிடித்ததில் வேலூருக்குப் பங்குண்டு. 1946-ல் அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் தானாக அழுகுவதில்லை, உணர்ச்சியற்ற காலில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே அதைப் புண்ணாக்குகிறது என்று காட்டினார். வலி இருந்தால் நாம் நொண்டுவோம், அந்த இடம் தப்பிக்கும். வலியில்லாதவர் அதே இடத்தில்தான் மிதித்துக்கொண்டிருப்பார். பாதத்தோடு ஒட்டினாற்போல மாவுக்கட்டு போட்டு எடையைப் பரப்பியபோது புண் ஆறியது. பிறகு அமெரிக்காவில் அதே முறையைச் சர்க்கரைப் புண்ணுக்கும் கொண்டுவந்தார்கள். ரத்த ஓட்டம் நன்றாக இருந்து, சீழும் பிடிக்காத உள்ளங்கால் புண்ணுக்கு இன்றும் இதுவே முதல் வரிசை மருத்துவம்.

மரத்த பாதத்தை முன்கூட்டியே கண்டுபிடிப்பதும் சுலபம்தான். 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொடுவார்கள். கண்ணை மூடியிருப்பவர் எந்த இடம் என்று சொல்ல வேண்டும். அப்புறம் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு, தினமும் பாதத்தைப் பார்ப்பது.

மாவுக்கட்டோடு கடலில் இறங்க முடியாது என்பதுதான் இங்கே சிக்கல். புண் ஆறப் பல வாரமாகும். விசைப்படகுக்காரருக்காவது ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது, அப்போது காலுக்கு ஓய்வு கொடுக்கலாம். நாட்டுப்படகுக்காரருக்கு அதுவும் கிடையாது.