மரபியல்: ஜெனடிக்ஸுக்கு இந்தப் பேரு எப்படி வந்துச்சு?

ஜெனடிக்ஸ்னா தமிழ்ல மரபியல், ஜீன்னா மரபணு. பெத்தவங்ககிட்ட இருந்து பிள்ளைக்கு எது எப்படி வந்து சேருது, ஒரே வயித்துல பொறந்த ரெண்டு பேருக்குள்ள ஏன் வித்தியாசம் வருதுன்னு பாக்கற படிப்பு. இன்னைக்கு புது நெல் ரகம் உருவாக்கறதுல இருந்து இன்சுலின் தயாரிக்கறது, தடயவியல்னு இது இல்லாத உயிரியல் துறையே கிடையாது.

இதுல துறைக்குதான் முதல்ல பேரு வந்துச்சு, ஜீனுக்கு பேரு அப்புறம்தான். செடிகள்ல குணங்கள் எப்படி அடுத்த தலைமுறைக்குப் போகுதுன்னு ஆராய்ஞ்ச துறவி மெண்டல் 1866லயே பட்டாணிச் செடி கணக்க அச்சுல போட்டுட்டாரு, ஆனா ஜீன்ங்கற சொல் அதுல எங்கயும் இல்ல. 1905ல வில்லியம் பேட்சன்ங்கற இங்கிலாந்துக்காரர் ஒரு கடிதத்துல ஜெனடிக்ஸ்னு எழுதி, அடுத்த வருஷமே லண்டன் மாநாட்டுல எல்லார் முன்னாடியும் சொல்றாரு. வேர் கிரேக்கம், பிறப்பு, தோற்றம்னு பொருள். டென்மார்க்கோட யோஹான்சன் ஜீன்னு பேரு வச்சது 1909ல, அப்ப அது எதால ஆனதுன்னு யாருக்கும் தெரியாது, ஜீன் எதால ஆனதோ அந்த டிஎன்ஏவோட வடிவம் புரிஞ்சதே 1953லதான்.

மரபியல்ங்கற சொல் நம்மகிட்ட ரொம்ப பழசு. தொல்காப்பியத்துல பொருளதிகாரத்தோட கடைசி இயலுக்கு பேரே அதுதான். அங்க மரபுன்னா வழிவழியா வர்ற சொல் வழக்கு, எந்த விலங்கோட இளசை பறழ்னு சொல்லணும், எதை கன்றுன்னு சொல்லணும்னு வரும், ஓரறிவுல இருந்து ஆறறிவு வரைக்கும் உயிர்களைப் பிரிக்கறதும் அங்கதான். ஜீனுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, பேரு மட்டும்தான் ஒண்ணு.

இலங்கைப் பாடப்புத்தகத்துல இது பிறப்புரிமையியல், ஜீன் பரம்பரையலகு, செல்லுக்குள்ள ஜீன்களைச் சுமக்கற இழையான குரோமோசோம் நிறமூர்த்தம். பேட்சன் எடுத்த வேருக்கு பிறப்புரிமையியல்தான் கிட்ட வருதுன்னு எனக்குத் தோணுது, ஆனா மரபணு சோதனை, மரபணு மாற்றப் பயிர்னு சேத்து சேத்து சொல்றதுக்கு மரபணுதான் வாய்க்கு சுளுவா வருது.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லணும், மரபணு நோயும் பரம்பரை நோயும் ஒண்ணு இல்ல. மரபுன்னு இருக்கறதால வம்சத்துல ஓடறதுன்னு எடுத்துக்கறாங்க, "எங்க பக்கம் யாருக்கும் இல்லையே"ன்னு சொல்லி கடைசியில பழி அம்மா தலையில விழுது. டவுன் சிண்ட்ரோம்ல 21ஆவது குரோமோசோம் ரெண்டுக்குப் பதிலா மூணு இருக்கும், பெரும்பாலும் அது தற்செயலா நடக்கறது, யார் வம்சத்துலயும் இருந்திருக்கணும்னு இல்ல. ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு போற அரிவாள் செல் ரத்தசோகை வேற மாதிரி, அது நிஜமாவே பெத்தவங்ககிட்ட இருந்து வர்றது, ஆனா அம்மா அப்பா ரெண்டு பேருக்கும் அந்த ஜீன்ல ஆளுக்கு ஒரு மாறின பிரதி இருந்தா அவங்க நல்லாத்தான் இருப்பாங்க, ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர்ற வாய்ப்பு நாலுல ஒண்ணு. இந்தியாவுல இத முதல்ல கண்டுபிடிச்சது 1952ல நம்ம நீலகிரி பழங்குடி மக்கள்கிட்டதான், ஒரு சின்ன ரத்தப் பரிசோதனையிலயே யார்கிட்ட அந்தப் பிரதி இருக்குன்னு தெரிஞ்சுடும், கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேருமே பாத்துக்கலாம்.