சானிடைசர் பட்டியல் இருக்கட்டும், முதலில் ஜன்னலைத் திறந்து பாருங்கள்

பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகளைத் திரும்பத் திறப்பதற்கான திட்டம் என்று எதைக் கையில் எடுத்தாலும் முதல் பக்கம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. இத்தனை லிட்டர் சானிடைசர், வாசலுக்கு இத்தனை தெர்மாமீட்டர், மேசைக்கு மேசை பிளாஸ்டிக் தடுப்பு, வாரம் இரண்டு முறை கிருமிநாசினித் தெளிப்பு. பல பக்கம் தள்ளி, ஓர் ஓரத்தில் ஒரே ஒரு வரி: “வகுப்பறைகள் நல்ல காற்றோட்டத்துடன் இருக்க வேண்டும்.” அதை யார் பார்ப்பார்கள், எதை வைத்து அளப்பார்கள், போதவில்லை என்றால் அடுத்து என்ன செய்வார்கள், எதுவும் கிடையாது. இன்னும் ஒரு திட்டம் இதே அச்சில் வரும்போது பொறுமை போய்விடுகிறது. 2020-இல் உலகம் முழுக்க 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளியை இழந்தார்கள். அவர்களைத் திரும்ப அழைப்பதில் நாம் கற்றுக்கொண்டது மேசையைத் துடைப்பதோடு நின்றுவிடக் கூடாது.

துடைப்பதைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். கோவிட் கிருமி படிந்த ஒரு பரப்பை ஒரு தடவை தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. கை கழுவுவதை விடச் சொல்லவில்லை. வயிற்றுப்போக்குக்கும் இன்னும் பல நோய்களுக்கும் சோப்புதான் காவல், அது எப்போதும் இருக்கட்டும். ஆனால் அறை முழுக்கப் புகை போல மருந்தடிப்பது வீண் செலவு. ஆட்கள் மேல் தெளிப்பதும், தெளிப்புச் சுரங்கத்துக்குள் குழந்தைகளை நடக்க விடுவதும் அதைவிட மோசம். எந்தச் சூழ்நிலையிலும் மனிதர்கள் மேல் தெளிக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இலேயே திட்டவட்டமாகக் கூறியது. மேசைகளைத் துடைக்க 5 சதவீத பிளீச்சிங் திரவம் 1 பங்குக்கு 49 பங்கு தண்ணீர் போதும், 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு துடையுங்கள். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டோடு மட்டும் அதைக் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

வாசலில் நெற்றிச் சூடு பார்ப்பதும் இதே ரகம்தான். கோவிட் தொற்றியவர் அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே மற்றவர்களுக்குப் பரப்ப முடியும். குழந்தைகளில் பலருக்குக் காய்ச்சலே வருவதில்லை. அந்தக் கருவி அளப்பதும் தோலின் சூட்டை மட்டுமே. வெயிலில் நடந்து வந்த பிள்ளைக்குக் கூட்டிக் காட்டும், குளிரில் வந்த பிள்ளைக்குக் குறைத்துக் காட்டும். ஒரு பிள்ளைக்கு ஐந்து விநாடி என்றாலும் 600 பிள்ளைக்கு 50 நிமிடம். அந்த 50 நிமிடமும் வாசலில் கூட்டம் தோளோடு தோள் உரசி நிற்கும்.

சரி, காற்றுக்கு வருவோம். கோவிட் பெரும்பாலும் பரவுவது மூச்சில் வெளிவந்து அறைக் காற்றில் மிதக்கும் நுண்துளிகளால்தான். என்னை மிகவும் சங்கடப்படுத்துவது “எல்லா வகுப்பிலும் ஏசி இருக்கிறது, காற்றோட்டத்துக்குக் குறையில்லை” என்ற பதில்தான். சுவரில் மாட்டியிருக்கும் ஸ்பிளிட் ஏசி வெளியிலிருந்து ஒரு கைப்பிடிக் காற்றைக்கூட உள்ளே கொண்டு வராது. அறைக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சி, குளிர வைத்து, அதே அறைக்குள் விடுகிறது. வெளியே தொங்கும் பெட்டியிலிருந்து காற்று உள்ளே வருகிறது என்று பலர் நம்புகிறார்கள். அந்தப் பெட்டி சூட்டை வெளியே தள்ளுவதற்கு. நடுவில் உள்ள செப்புக் குழாயில் ஓடுவது குளிரூட்டும் வாயு, மூச்சுக் காற்று அல்ல. அதில் உள்ள வலை வடிகட்டி தூசியைப் பிடிக்கும், மூச்சில் வரும் நுண்துளிகள் அதற்குள் புகுந்து போய்விடும். ஏசி போட்டதும் நாம் செய்யும் முதல் வேலை கதவையும் ஜன்னலையும் இறுக்கி மூடுவது. ஆக, ஏசி உள்ள வகுப்பு பெரும்பாலும் பள்ளியிலேயே காற்று மிகவும் தேங்கிய வகுப்பு. மின்விசிறியும் அப்படித்தான். ஜன்னல் மூடியிருந்தால் அது பழைய காற்றைக் கலக்குமே தவிர, புதிதாக எதையும் கொண்டு வராது. அறை குளுகுளுவென்று இருப்பது வேறு, காற்று மாறுவது வேறு. இதை ஒவ்வொரு தலைமை ஆசிரியருக்கும் முகத்துக்கு நேரே உட்கார்ந்து விளக்கினாலும் தகும்.

காற்று மாறுகிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் கரியமில வாயு மானி. நாம் வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு ஏறத்தாழ 4 சதவீதம், அதாவது 40,000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 40,000 பங்கு). வெளிக்காற்றில் 420 சொச்சம். அறையில் 1,200 காட்டினால், ஒரு பிள்ளை உள்ளிழுக்கும் காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அந்த அறையில் இருப்பவர்கள் ஏற்கெனவே விட்ட மூச்சு. 3,000 காட்டினால் ஆறு பங்குக்கும் மேல். 800-க்குள் வைக்கப் பாருங்கள். மானி வாங்கும்போது அகச்சிவப்பு உணரி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். மலிவான சில கருவிகள் வேறு வாயுக்களை அளந்து, அதிலிருந்து ஊகித்து ஓர் எண்ணைக் காட்டும். வாங்கியதும் திறந்தவெளியில் 20 நிமிடம் வைத்துப் பாருங்கள், 420-ஐ ஒட்டி வராவிட்டால் சரிசெய்த பிறகே உள்ளே எடுத்துச் செல்லுங்கள். உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தலை உயரத்தில், ஜன்னலிலிருந்து தள்ளி, யார் மூச்சும் நேரே படாத இடத்தில் வைக்க வேண்டும். வகுப்பு நிறைந்து முக்கால் மணி நேரமாவது கழிந்த பிறகு வரும் எண்தான் எண். காலி அறையில் எடுத்த எண்ணை அறிக்கையில் எழுதுவது யாருக்கும் உதவாது.

எண் அதிகமாக வந்தால் முதலில் ஜன்னலுக்குப் போங்கள், கையால் திறந்து பாருங்கள். படிவத்தில் “ஜன்னல் 4” என்று இருக்கும். நேரில் போனால் ஒன்றின் முன்னால் பீரோ நிற்கும், இன்னொன்று பெயின்ட் அடித்தபோது சட்டத்தோடு ஒட்டிப்போயிருக்கும், மூன்றாவதன் கொக்கி துருவேறி அசையாது. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த கட்டடத்தில் குளவிக் கூடும் இருக்கும். எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு இருந்தால் சிறிதளவு திறந்தாலே போதும். ஒரு பக்கம் மட்டும்தான் ஜன்னல் என்றால், அதில் ஒரு விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். சுற்றியுள்ள இடைவெளியை அட்டையால் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தள்ளிய காற்று அந்த ஓரத்தாலேயே திரும்பி வரும். மறுபக்கக் கதவு திறந்திருக்கட்டும், தீத்தடுப்புக் கதவை மட்டும் முட்டுக் கொடுத்து வைக்காதீர்கள். விசிறி தள்ளும் காற்று பிள்ளைகள் வரிசையில் நிற்கும் தாழ்வாரத்துக்குப் போகக் கூடாது.

ஜன்னலால் முடியாத அறைகளுக்கு வடிகட்டி, அதாவது அறைக் காற்றை உறிஞ்சி, நுண்துளிகளைப் பிடித்துக்கொண்டு, சுத்தமாக வெளிவிடும் கருவி. இங்கே கணக்குத் தெரிய வேண்டும். 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் 144 கன மீட்டர். மணிக்கு 5 தடவை காற்று மாற வேண்டும் என்பது இப்போது பரவலாகச் சொல்லப்படும் குறைந்தபட்ச இலக்கு, ஆக மணிக்கு 720 கன மீட்டர் சுத்தக் காற்று தேவை. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அளவு முழு வேகத்துக்கு உரியது. முழு வேகத்தில் அது போடும் சத்தத்தில் பாடம் நடத்த முடியாது, ஆசிரியர் முதல் நாளே குறைத்து வைத்துவிடுவார், திட்டத்தில் 5 என்று எழுதியது அறையில் 2 ஆகிவிடும். அதனால் நடு வேகத்தில் என்ன தருகிறது என்று கேட்டு, அதை வைத்து எத்தனை கருவி என்று கணக்கிடுங்கள். பணம் இல்லை என்றால் நான்கு மெர்வ் 13 (நுண்துகள்களைப் பிடிக்கும் திறனின் தர எண்) வடிகட்டிகளைப் பெட்டி போல நிறுத்தி, மேலே ஒரு சதுர விசிறியை வைத்து ஓரங்களை டேப்பால் ஒட்டிச் செய்யும் கோர்சி ரோசென்தால் பெட்டி இருக்கிறது. உயர்நிலைப் பிள்ளைகளே ஒரு மணி நேரத்தில் செய்துவிடுவார்கள், வடிகட்டியில் உள்ள அம்புக்குறி உள்பக்கம் பார்க்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இதில் இரண்டு தவறான புரிதல். வடிகட்டி ஓடினாலும் கரியமில வாயு மானியின் எண் இறங்காது, அது நுண்துளிகளைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. எண் அப்படியே நிற்கிறதே என்று கருவியைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அடுத்தது, 5 தடவை மாறுவது என்றால் 12 நிமிடத்துக்கு ஒருமுறை அறை புத்தம் புதிதாகும் என்று அர்த்தமில்லை. புதுக் காற்று பழையதோடு கலந்துகொண்டேதான் வெளியேறும். 10 நிமிட இடைவேளையில் மிதப்பதில் பாதியைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் போகும், 95 சதவீதம் போக 36 நிமிடம் ஆகும். ஆகவே இடைவேளையில் கருவியை நிறுத்தவே வேண்டாம்.

காற்றை மட்டும் சரிசெய்தால் போதுமா என்று கேட்டால், போதாது. 2021 மே மாதம் கலிபோர்னியாவின் மரின் கவுன்டியில் ஒரு தொடக்கப் பள்ளி. மேசைகளுக்கு நடுவே 6 அடி, மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி ஓடிக்கொண்டிருந்தது, ஜன்னலும் கதவும் திறந்தே இருந்தன. தடுப்பூசி போடாத ஓர் ஆசிரியர் தமக்கிருந்த அறிகுறிகளை ஒவ்வாமை என்று நினைத்து இரண்டு நாள் வேலைக்கு வந்தார், சத்தமாக வாசித்துக் காட்டும்போது முகக்கவசத்தை எடுத்தார். வகுப்பின் 24 பிள்ளைகளில் 12 பேருக்குத் தொற்று. அவருக்கு அருகில் இருந்த இரண்டு வரிசையில் 10 பேரில் 8 பேர், பின்னால் இருந்த மூன்று வரிசையில் 14 பேரில் 4 பேர். அந்த ஆசிரியரைத் திட்டிப் பயனில்லை. பின்வரிசைப் பிள்ளைக்குக் கேட்க வேண்டும் என்று எல்லா ஆசிரியர்களும் முகக்கவசத்தை இறக்கத்தான் செய்வார்கள். இடுப்பில் மாட்டும் சிறிய மைக் ஒன்று வாங்கிக் கொடுங்கள், தொண்டையும் தப்பும். அதைவிட முக்கியம், உடம்பு சரியில்லாதவர் சம்பளம் பிடிபடாமல் வீட்டில் இருக்க முடிய வேண்டும், அவர் இடத்தில் பாடம் எடுக்க ஆள் இருக்க வேண்டும். மாவட்ட அளவில் திட்டம் போடுபவர்கள் முதலில் செய்ய வேண்டிய பணக் கணக்கு இது. பிள்ளைகள் பக்கம் நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுக்கும் வழக்கத்தைத் தொற்று ஓயும்வரை தயவுசெய்து நிறுத்தி வையுங்கள். காய்ச்சலை மாத்திரையால் அமுக்கிவிட்டு அனுப்பும் பெற்றோர் பலர் அந்தச் சான்றிதழை நினைத்துத்தான் அனுப்புகிறார்கள்.

முகக்கவசம் கழலும் இன்னோர் இடம் சாப்பாட்டு நேரம். முடிந்தவரை வெளியே, மரத்தடியில். முடியாவிட்டால் அந்தந்த வகுப்பு அந்தந்த அறையிலேயே. ஆசிரியர் அறையை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை, வளாகத்திலேயே சின்ன அறை அதுதான், அத்தனை பேரும் ஒன்றாகச் சாப்பிட்டுப் பேசுவதும் அங்கேதான். கையில் ஒரே ஒரு வடிகட்டி இருந்தால் அங்கே வைக்கலாமா என்று யோசியுங்கள். பேருந்தில் இரு பக்கமும் எதிரெதிர் ஜன்னல்கள் சில அங்குலம் திறந்திருக்கட்டும், பின் இருக்கையிலிருந்து நிரப்பி, முன் இருக்கையிலிருந்து இறக்குங்கள். பள்ளி நேரத்தில் காய்ச்சல் வந்த பிள்ளையை உட்கார வைக்கும் அறைக்கு ஜன்னல் வேண்டும். பொருள் கிடங்கை ஒழித்துக் கொடுப்பது கூடாது. மேசைக்கு மேசை நிறுத்தும் பிளாஸ்டிக் தடுப்பை வாங்கவே வேண்டாம், அது காற்றின் ஓட்டத்தை மறிக்கும்.

தண்ணீரையும் மறந்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் குழாயில் நின்ற தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற, நிமோனியா வரவழைக்கும் பாக்டீரியா வளரும், பழைய குழாய் என்றால் ஈயமும் கரையும். 2020 ஆகஸ்டில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே தான் வாடகைக்கு எடுத்திருந்த சில கட்டடங்களில் லெஜியோனெல்லாவைக் கண்டு அவற்றை மூடியது. அவர்களுக்கே நடந்தது என்றால் பள்ளிகள் எம்மாத்திரம்! தொட்டியைக் கழுவி, ஒவ்வொரு குழாயையும் கடைக்கோடி வரை திறந்துவிட்டு, நின்ற தண்ணீர் முழுவதும் வெளியேறி வெப்பநிலை மாறாமல் வரும்வரை ஓட விடுங்கள். குழாய் வாயில் உள்ள சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள். திறந்துவிடுபவர் முகக்கவசத்தோடு நிற்கட்டும், சாரல் மூச்சில் போகக் கூடாது.

திறப்பதற்கு முந்தைய வாரம் ஒத்திகை நடத்துங்கள். ஊழியர்களையும் விருப்பமுள்ள பெற்றோரையும் சேர்த்து ஒரு வகுப்பை நிரப்பி, வழக்கமான ஒரு பாடவேளை முழுவதும் உட்கார வையுங்கள், ஜன்னல் வழக்கம்போல் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும். கடைசியில் மானி காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போங்கள். ஒரே மானியை வைத்துக்கொண்டு சில நாட்களில் ஒரு பள்ளியை முடித்துவிடலாம். ஒவ்வோர் அறையின் எண்ணையும், அந்த எண் வந்தபோது எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை ஜன்னல் திறந்திருந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதி, பெற்றோர் கண்ணில் படும்படி அந்த வகுப்பின் கதவிலேயே ஒட்டிவிடுங்கள்.