இருபதாம் தேதிக்குள்ளா, இருபதாம் தேதி வரையா?

திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனங்களின் மெர்ச்சண்டைசர்களுக்கு, அதாவது பையரோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவர்களுக்கு, ஆங்கிலத்தில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். அவர்கள் வெளிநாட்டு பையருக்கு அனுப்பிய மெயில்களை வாரம் ஒருமுறை வாங்கிப் படித்துத் திருத்துவேன். எழுத்துப்பிழை இருக்கும், காலம் மாறியிருக்கும், அதெல்லாம் பெரிய விஷயமில்லை. பையர் சிரித்துவிட்டுப் புரிந்துகொள்வார். தேதிக்கு முன்னால் வரும் குட்டி வார்த்தையில்தான் எனக்குப் பயம்.

ஒரு மெயிலில் இப்படி இருந்தது: "வி கேன் கிவ் திஸ் பிரைஸ் பை 30 ஜூன்." எழுதிய பெண் சொல்ல நினைத்தது, இந்த விலை ஜூன் 30 வரை செல்லும் என்பதை. படித்தவர் புரிந்துகொண்டதோ, இப்போதைக்கு இந்த விலை கிடையாது, ஜூன் 30 வாக்கில் இறங்கி வருவார்கள் என்று. மனிதர் பொறுமையாகக் காத்திருந்தார். ஜூலை 1-ஆம் தேதி ஆர்டர் போட்டார். அன்று காலைதான் மில்காரர்கள் நூல் விலையை ஏற்றியிருந்தார்கள். நஷ்டத்தை யார் தலையில் கட்டுவது என்று இரண்டு வாரம் மெயில் ஓடியது. 'பை' இருந்த இடத்தில் 'அன்டில்' இருந்திருந்தால் இத்தனையும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் நமக்கு 'அட், ஆன், இன்' மூன்றையும் கோடிட்ட இடத்தில் நிரப்பச் சொல்லி வருடக்கணக்கில் பயிற்சி கொடுத்தார்கள். என் அனுபவத்தில் அந்த மூன்றில் தவறு செய்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. "இன் மண்டே" என்று எழுதினாலும் திங்கட்கிழமைதான் என்று தெரிந்துவிடும். பணம் போவதெல்லாம் 'பை, அன்டில், வித்தின், பிஃபோர், ஃப்ரம்' ஆகியவற்றில். இவற்றுக்குப் பள்ளியில் ஒரு பாடவேளைகூட ஒதுக்கிய ஞாபகம் எனக்கில்லை.

அந்த மூன்றையும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். தமிழிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது. ஐந்து மணி'க்கு', தீபாவளி'யன்று', 2019-'இல்'. மணிக்கு 'அட்', குறிப்பிட்ட நாளுக்கு 'ஆன்', மாதம், வருடம், பருவம் போன்ற நீண்ட காலத்துக்கு 'இன்'. இந்தியா சுதந்திரம் அடைந்தது நள்ளிரவுக்கு, ஆகஸ்ட் 15 அன்று, 1947-இல். முறையே 'அட்', 'ஆன்', 'இன்'. தமிழை நம்பினால் காலை வாரும் இடங்களும் உண்டு. 'காலையில்' என்பது 'இன் த மார்னிங்'தான், ஆனால் திங்கட்கிழமை காலையில் என்றால் 'ஆன் மண்டே மார்னிங்'. கிழமை வந்ததும் அதுதான் முதலாளி. பொதுவாக 'இரவில்' என்று சொல்ல 'அட் நைட்'. 'நாளைக்கு' என்பதில் ஒரு 'க்கு' இருக்கிறதே என்று 'ஆன் டுமாரோ' எழுதுகிறார்கள்; அங்கே எதுவுமே வேண்டாம். நெக்ஸ்ட், லாஸ்ட், திஸ், எவ்ரி இவற்றில் ஏதாவது முன்னால் நின்றாலும் வேண்டாம்.

சரி, இப்போது 'பை'. இதில் வேடிக்கை என்னவென்றால் தமிழில் குழப்பமே கிடையாது. "20-ஆம் தேதிக்குள் சாம்பிள் அனுப்பு" என்பதையும் "20-ஆம் தேதி வரை சாம்பிள் அனுப்பு" என்பதையும் எந்தக் குழந்தையும் பிரித்துச் சொல்லும். முதலாவது ஒருமுறை அனுப்பினால் முடிந்தது, இரண்டாவது தினமும் அனுப்பிக்கொண்டே இருப்பது. ஆனால் கெடுவைப் பற்றிப் பேசும்போது நாமே "20 வரைக்கும் டைம் இருக்கு" என்கிறோமே, அந்த 'வரைக்கும்' மனதில் தங்கிவிடுகிறது. அது ஆங்கிலத்தில் "வி வில் செண்ட் த சாம்பிள்ஸ் அன்டில் ஃப்ரைடே" ஆகிவிடுகிறது. படிக்கும் பையர், இவர்கள் ஏன் வெள்ளிக்கிழமை வரை விடாமல் சாம்பிள் அனுப்பப் போகிறார்கள் என்று முழிப்பார். சந்தேகம் வந்தால் வாக்கியத்தில் 'தொடர்ந்து' என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள். பொருந்தினால் 'அன்டில்'. பொருந்தாவிட்டால் 'பை'. வகுப்பில் இன்னொன்றும் சொல்வேன்: அந்தத் தேதிக்கு வேலை பைக்குள் இருக்க வேண்டும், அதுதான் 'பை'. மோசமான ஜோக், ஆனால் மறப்பதில்லை.

'க்குள்' இன்னொரு பள்ளமும் தோண்டி வைத்திருக்கிறது. வெள்ளிக்குள், பத்து நாளைக்குள் என்று இரண்டுக்கும் தமிழில் அது ஒன்றே. அதனால் "வித்தின் ஃப்ரைடே", "வித்தின் 5 ஓ'கிளாக்" என்றெல்லாம் மெயில் போகிறது. 'வித்தின்' என்பதற்குப் பின்னால் ஒரு கால அளவு வர வேண்டும்: பத்து நாள், இரண்டு மணி நேரம். நாட்காட்டியிலோ கடிகாரத்திலோ விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரு புள்ளி என்றால் 'பை'. இதன் பக்கத்திலேயே "இன் டென் டேஸ்" நிற்கிறது. அதைப் படிப்பவர் பத்தாம் நாள் வாக்கில் வரும் என்று எதிர்பார்ப்பார். "வித்தின் டென் டேஸ்" என்றால் மூன்றாம் நாளே வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டார்.

நம் ஊர் முத்திரை குத்திய தவறு ஒன்று உண்டு: "பிஃபோர் டூ டேஸ் வி சென்ட் த லேப் டிப்." (லேப் டிப் என்பது நிறம் பார்க்கச் சாயம் போட்டு அனுப்பும் துண்டுத் துணி.) 'ரெண்டு நாளைக்கு முன்னாடி' அப்படியே கப்பல் ஏறியிருக்கிறது. இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 'டூ டேஸ் அகோ'. 'பிஃபோர்' வேண்டுமென்றால் எதற்கு முன்னால் என்று சொல்லியாக வேண்டும்: ஷிப்மென்டுக்கு இரண்டு நாள் முன்னால் என்பதுபோல. இதே கதைதான் 'ரெண்டு நாள் கழிச்சு' அனுப்புகிறோம் என்பதற்கு "ஆஃப்டர் டூ டேஸ்" போடுவதும். இரண்டு நாள் தாண்டி எப்போது வேண்டுமானாலும் என்று அதைப் படிக்க இடமிருக்கிறது. 'சின்ஸ் த்ரீ இயர்ஸ்' பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்', அளவுக்கு 'ஃபார்', அவ்வளவுதான்.

எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட், பையருக்காக வங்கி கொடுக்கும் பண உத்தரவாதக் கடிதம்) வைத்து வியாபாரம் செய்பவர்கள் இனி வருவதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். சர்வதேச வர்த்தகச் சபை வெளியிட்டு 2007 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் யு.சி.பி. 600 என்ற எல்.சி. விதிகளில் மூன்றாவது பிரிவு, பெரும்பாலும் இந்தக் குட்டி வார்த்தைகளுக்காகவே எழுதப்பட்டதுபோல இருக்கும். ஷிப்மென்ட் காலத்தைக் குறிக்கும்போது 'டு', 'அன்டில்', 'டில்', 'ஃப்ரம்', 'பிட்வீன்' இவற்றோடு வரும் தேதி கணக்கில் சேரும். 'பிஃபோர்', 'ஆஃப்டர்' இரண்டோடும் வரும் தேதி சேராது. ஆக "ஷிப்மென்ட் பிஃபோர் 15 ஜூன்" என்று எல்.சி.யில் இருந்தால் 14-ஆம் தேதியோடு கதவு மூடிவிட்டது. 'ஆன் ஆர் அபவுட்' என்று இருந்தால் அந்தத் தேதிக்கு ஐந்து நாள் முன்னாலும் ஐந்து நாள் பின்னாலும் போகலாம். அதே 'ஃப்ரம்', பணம் கொடுத்தாக வேண்டிய தேதியைக் குறிக்க வந்தால் குணம் மாறிவிடும். "90 டேஸ் ஃப்ரம் பி.எல். டேட்" என்றால் பி.எல். (சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ரசீது, பில் ஆஃப் லேடிங்) தேதியை விட்டுவிட்டு மறுநாளிலிருந்துதான் எண்ண வேண்டும். ஒரே பிரிவுக்குள் ஒரே சொல்லுக்கு இரண்டு கணக்கு!

நம் சட்டமும் இதில் தலையைக் கொடுத்திருக்கிறது. 1897-ஆம் வருடத்துப் பொது விதிகள் சட்டத்தின் ஒன்பதாவது பிரிவுப்படி, முதல் நாளை விலக்க 'ஃப்ரம்' என்று எழுதினால் போதும், கடைசி நாளைச் சேர்க்க 'டு' என்று எழுதினால் போதும். செக் திரும்பிய வழக்குகளில் கெடுவை எண்ணும்போது முதல் நாள் சேருமா, சேராதா, 'ஆஃப்' என்பதும் 'ஃப்ரம்' என்பதும் ஒன்றா, வேறா என்பதை உச்ச நீதிமன்றமே உட்கார்ந்து ஆராய்ந்து, 2013-இல் முதல் நாளை விலக்க வேண்டும் என்று சொன்னது. இரண்டெழுத்துச் சொல்தானே என்று என்னிடம் யாராவது சொன்னால் இந்த வழக்கைத்தான் எடுத்துப்போடுவேன்.

அதனால் என் மாணவர்களிடம் கெடு உள்ள வாக்கியத்தில் 'பிஃபோர்' என்பதைத் தனியாக எழுதவே விடுவதில்லை. 'ஆன் ஆர் பிஃபோர்' என்று அரசாங்கப் படிவத்தில் இருப்பதுபோல எழுதச் சொல்கிறேன். அழகில்லைதான், சண்டையும் இல்லை. மாதத்தின் பெயரையும் எழுத்தில் போடச் சொல்வேன். 03/04 என்பதை அமெரிக்கர் மார்ச் 4 என்று படிப்பார், நாம் ஏப்ரல் 3 என்போம்.

அப்புறம், இந்த 'மிட்நைட்'. "அட் மிட்நைட் ஆன் ஃப்ரைடே" என்றால் வியாழன் முடிந்து வெள்ளி பிறக்கும் நேரமா, வெள்ளி முடிந்து சனி பிறக்கும் நேரமா என்று இரண்டு பேரிடம் கேட்டால் இரண்டு பதில் வரும். இரவு 11.59 என்று எழுதச் சொல்வதற்குக் காரணம் அதுதான். நமக்கோ தூங்கி எழும் வரை அதே கிழமை. ராத்திரி பன்னிரண்டேகாலுக்கு வண்டி என்றால் அது திங்கட்கிழமை ராத்திரி வண்டி. டிக்கெட்டில் அது செவ்வாய்க்கிழமை 00.15.

இதை வகுப்பில் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் நான், போன கோடையில் சென்னைக்குப் போக 18-ஆம் தேதி 00.20 வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, 18-ஆம் தேதி இரவு நன்றாகச் சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. என் சீட்டில் வேறொருவர் படுத்திருந்தார். டிக்கெட் பரிசோதகர் என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "சார், இது நேத்தே போயிருச்சே."