பண்ணைக்குள் அத்துமீறி நுழைந்தால் என்ன தண்டனை? ஆஸ்திரேலியச் சட்டம் சொல்வது

2019 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் விலங்குரிமை அமைப்பு ஒன்று, பண்ணைகளும் இறைச்சிக்கூடங்களும் எங்கெங்கே இருக்கின்றன என்பதை இணைய வரைபடமாக வெளியிட்டது. பல பண்ணைகளில் தொழுவத்துக்குப் பக்கத்திலேயே குடும்பமும் குடியிருக்கிறது என்பதால் எதிர்ப்பு பலமாக எழுந்தது. அந்த ஆண்டே புதிய சட்டங்கள் வந்தன.

மத்திய அரசின் சட்டம் தண்டிப்பது தூண்டிவிடுபவரை. இணையம், தொலைபேசி வழியாக விவசாய நிலத்தில் அத்துமீறி நுழையத் தூண்டினால் 12 மாதம் வரை சிறை. சொத்தைச் சேதப்படுத்தவோ திருடவோ தூண்டினால் 5 ஆண்டு வரை. பொதுநலனுக்காகச் செய்தி வெளியிடும் பத்திரிகையாளர்களுக்கு விலக்கு உண்டு.

நுழைபவரைத் தண்டிப்பது மாநிலச் சட்டம். நியூ சவுத் வேல்ஸின் 2019ஆம் ஆண்டு விவசாய உரிமைச் சட்டப்படி, அனுமதியின்றிப் பண்ணைக்குள் புகுந்து தொழிலுக்கு இடையூறு செய்தால் 13,200 டாலர் வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். வேறு இருவரையாவது சேர்த்துக்கொண்டு வந்திருந்தால் உச்சவரம்பு 22,000 டாலர், 3 ஆண்டு.

ஆனால் இடையூறு நடந்ததை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். என் பார்வையில் விவசாயிக்கு உடனே கைகொடுப்பது அதே மாநிலத்தின் உயிரிப் பாதுகாப்பு விதிதான். வெளியாட்களின் காலணி, வாகனச் சக்கரம் வழியாக நோய்க்கிருமி பரவாமல் தடுக்கும் ஏற்பாடுகளைப் பண்ணைக்காரர் ஒரு திட்டமாக எழுதி வைக்கலாம். கட்டாயமில்லை, விருப்பம்தான். வருபவர் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும், இன்ன கொட்டகைக்குள் போகக் கூடாது என்பன போன்றவை அதில் இருக்கும். இப்படியொரு திட்டம் நடப்பில் இருப்பதை அறிவிக்கும் பலகையை நுழைவாயிலில் வைத்த பிறகு, அதை மீறி உள்ளே வருபவருக்கு அந்த இடத்திலேயே 1,000 டாலர் அபராதம் விதிக்க முடியும். வழக்கு நீதிமன்றம் வரை போனால் தனிநபருக்கு 2,20,000 டாலர் வரை விதிக்கலாம். திட்டத்தை எழுதி மேசைக்குள் பூட்டிவிட்டு, வாயிலில் பலகை வைக்க மறந்தவருக்கு இந்த விதி உதவாது.

இரகசியக் கேமராவுக்கும் தடை இருக்கிறது. அத்துமீறி நுழைந்து படம்பிடித்தவர்களே அதை வெளியிடுவதைத் தடுக்கும் மாநிலச் சட்டப்பிரிவுகள் செல்லும் என்று 2022இல், அந்நாட்டின் தலைமை நீதிமன்றமான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் நால்வர் ஒருபக்கம், மூவர் மறுபக்கம். எவ்வளவு நெருக்கமான வழக்கு என்பதை இதிலிருந்தே அறியலாம்.

விலங்குவதை நடப்பதாகச் சந்தேகிப்பவர் ஆர்.எஸ்.பி.சி.ஏ. (விலங்குவதைத் தடுப்புச் சங்கம்) போன்ற அமைப்பிடம் புகார் கொடுக்கலாம். சட்டப்படி அதிகாரம் பெற்ற ஆய்வாளர் உள்ளே வருவதை வாயில் பலகை தடுக்காது.